தையல் கம்பெனியில் ஒரு தொட்டில் அறை

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் நானும் என் கணவரும் நைட்டி தைக்கும் சிறிய கம்பெனி நடத்தினோம். புது மெஷின்கள் வாங்கப் பணம் சேர்த்திருந்தோம். அந்தச் சமயத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து தைத்துக்கொண்டிருந்த பெண், இனி வரமுடியாது என்றாள்.

“கைப்பிள்ளையப் பாக்க ஆளில்லக்கா.”

இதே காரணத்தால் ஏற்கெனவே இரண்டு பேர் வேலையிலிருந்து நின்றிருந்தார்கள்.

“மெஷின் பொறவு வாங்கலாம். முதல்ல பிள்ளைகளுக்கு ஒரு ரூம் கட்டுவோம்,” என்று கணவரிடம் சொன்னேன். “ஆளில்லாம மெஷின் என்ன செய்யும்?”

அவர் சேர்த்த பணத்தை மறுபடி எண்ணிப் பார்த்தார். பிறகு, “பிள்ளைகளப் பாத்துக்கிட யார வைக்கப் போற?” என்று மட்டும் கேட்டார்.

அறை கட்டினோம். நின்றுபோனவர்களும் திரும்பி வந்தார்கள். மெஷின் வாங்க மேலும் ஓராண்டு ஆனது. அதற்குள் பிள்ளைகள் கணவரிடம் ஒட்டிக்கொண்டன. “செத்த பொறுடா, அம்மா வந்துருவா,” என்று தொட்டிலை ஆட்டியபடியே அவர் கணக்குப் பார்ப்பார்.