முள் இருந்த இடத்தில் சந்தனம்

சரோஜினி நகர் க்வார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம், வேதக்காரர்கள். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டான். அக்கா வீட்டுக்காரர் சாமி படத்தைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முள்முடி வைத்த ஏசு. மலிவாக அச்சடித்துக் கண்ணாடி போட்ட படம். சிவப்பு மை கொஞ்சம் விலகி விழுந்ததில், முள் ஓரிடத்திலும் ரத்தம் ஓரிடத்திலும் இருந்தது.

அம்மாவுக்கு எல்லாம் சாமிதான். முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள், அங்கே வந்ததும் விரலை எடுத்துக்கொண்டாள். ஏற்கெனவே சிவந்து கிடக்கிற நெற்றி. சந்தனத்தை எடுத்து, முள் குத்தின இடமாகப் பார்த்து அப்பினாள்.

"அம்மா, ரத்தம் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"முள்ளு அங்கதானேடி இருக்கு."

தினமும் இதேதான். அப்பா பேப்பரைத் தாழ்த்திச் சொன்னார்: "அவங்கள்ல இதெல்லாம் கிடையாது. அந்தப் பொண்ணு வந்து கோவிச்சுக்கப் போறா. அப்புறம் பேச்சுத்துணைக்கு யாரைத் தேடுவே?"

அம்மாவுக்கு ஹிந்தி வராது. எங்கள் ப்ளாக்கில் தமிழ் பேச அக்கா ஒருத்திதான். அம்மா பயந்துதான் போனாள். ஆனாலும் மறுநாள் காலையில் கை தானாகச் சந்தனக் கல்லுக்குப் போயிற்று.

அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கையில் குழந்தை இல்லை.

"பாப்பா எங்கே?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகுதான் படம் ஞாபகம் வந்து, முந்தானையை நனைத்துக்கொண்டு துடைக்க ஓடினாள். அதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். முள் வரிசை முழுக்கச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதேம்மா. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்க்கா. தொடைக்காண்டாம்."

படத்தை மார்போடு அணைக்கப் போனவள், வலித்ததுபோல விலக்கி, இடுப்பில் வைத்து எடுத்துப் போனாள்.

மறுநாள் அம்மா தனக்குத் தெரிந்த ஹிந்தியான "பையா, ஜல்தி"யைச் செலவழித்துப் பூக்காரனை நிறுத்தி, மல்லிகை வாங்கி என்னிடம் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். படத்தில் சந்தனம் அப்படியே இருந்தது. பூ இல்லை.

"அக்கா சாமிக்குப் பூவே வைக்கலை," என்று வந்து கோள் சொன்னேன்.

"அது சாமிக்கு இல்லைடி," என்றாள் அம்மா.

அக்காவுக்கு எங்கள்மேல் கோபம், பூவை ஒளித்துவைத்துவிட்டாள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வற்றவைக்க மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.