வெட்டாத நகம்

எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. பட்டு இழையில் மாட்டும் என்று யாரும் நகம் வளர்க்கமாட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக வைத்திருந்தார். நெசவு அவர் மனைவியோடு சரி. அவருக்கு மீனம்பாக்கத்தில் டகோட்டா விமானங்களின் புரொப்பெல்லரைச் சோதிக்கும் வேலை. ஒல்லியான மனிதர். காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால், முன்சீட்டுக் கம்பியின் மேல் அந்த நகம் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் மகளின் கல்யாணப் புடவை தறியில் இருந்தபோது, ஒருநாள் ஆசையாகத் தடவிப் பார்த்தார். நகம் மாட்டி நாலு இழை அறுந்துவிட்டது. மனைவி கண் கலங்கிவிட்டார். எனக்கே எரிச்சலாக வந்தது.

“ஒரு நகம்தானே அண்ணே, வெட்டிடுங்களேன்” என்றேன்.

“புரொப்பெல்லர் றெக்கை ஓரத்துல கடுகளவு பள்ளம் இருந்தாலும் அங்கேருந்துதான் விரிசல் உடும்பா. கண்ணு ஏமாந்துடும், நகம் ஏமாறாது. வெட்டிட்டு நாளைக்கு எதை வெச்சுப் பாக்கறது?”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆரம்பித்தார்.

கல்யாணத்தன்று மகளிடம் புடவைத் தட்டை நீட்டியவரின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

“அடிபட்டுடுச்சா அண்ணே?” என்று பதறிக் கேட்டேன்.

“இல்லபா. உள்ளே நகம் இருக்குது” என்றார்.