கமலாத் தோலில் உறைந்த அன்னாசி

போன வாரம் என் மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுல எதும்மா நல்லாயிருக்கு?" என்று கேட்டாள். வீட்டிலேயே பழ ஐஸ் செய்வதற்கான அச்சுகள். பென்குவின் மாதிரி ஒன்று, ராக்கெட் மாதிரி ஒன்று, கள்ளிச்செடி மாதிரி ஒன்று. மாட்டுக் குளம்பு போல எனக்குப் பட்ட இன்னொன்றை இதயம் என்று அடித்துச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வாசம் அடிக்காததா பார்த்து வாங்கு" என்றேன். "போன்ல எப்படிம்மா மோந்து பார்க்கறது?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் பிறப்பதற்கு முன்னால், அவளுக்காகவே, ஒரு பாத்திரக்கடையில் இருந்த அச்சையெல்லாம் மோந்து பார்த்தவள் நான். அவளிடம் இதைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். முழுதாகக் கேட்க அவளுக்குப் பொறுமை கிடையாது. உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

தொண்ணூற்றொன்பதில் கொல்லிமலையில் ஆசிரியை வேலை கிடைத்துப் போனேன். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. அங்கே மேடு என்றால் வரப்புதான். அதனால் முதல் தடவை பஸ் மலையேறியபோது எழுபது கொண்டை ஊசி வளைவில் கால்வாசி முடிவதற்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பக்கத்தில் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "கண்ண மூடுனா இன்னும் சுத்துமுங்க, வெளிய பாருங்க" என்றார். பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கணவருக்குத் திருச்சியில் வேலை. சனிக்கிழமை ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போவார். நான் மலை மேல் செம்மேட்டில் கரீம் பாயின் பாத்திரக்கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் குடியிருந்தேன். பாயும் அவர் மனைவி ஜைத்தூன் அக்காவும் அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரர்கள். பாய் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவார். கடையில் குடம், குண்டா, மூடியும் கைப்பிடியும் வைத்த தூக்குப்போசி, வாளி எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். மூலையில் கலர் சோடா விற்பதற்கென்று ஒரு பிரிட்ஜ். அதன் கதவு தானாக மூடாது. சைக்கிள் டியூபை வெட்டி, பட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். சோடா கேட்பவர்கள் அந்த முடிச்சு அவிழும்வரை காத்திருக்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கூடவே வாந்தியும் வந்தது. மசக்கை எல்லோருக்கும் வருவதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எனக்கு வந்தது வேறு ரகம். சோறு தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை, கடைசியில் வெறும் தண்ணீரே தங்கவில்லை. மூக்கோ நாய் மூக்காகிவிட்டது. நாலு வீடு தள்ளி யாரோ வெங்காயம் உரித்தால் தெரியும். சாக்பீஸுக்கு ஒரு வாசம், மாணவர்களின் ஈரத் தலைக்கு ஒரு வாசம், ஆசையோடு வந்த கணவரின் சட்டைக்கு பஸ் டீசல் வாசம். பாவம், அவரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குசலம் விசாரித்தேன். அம்மா வந்து பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவருக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். அடிவாரம்வரை வந்து மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போனவர் அவர்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா என் கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அமுங்காமல் அப்படியே நின்றது; உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தம். "தண்ணியாச்சும் உள்ள நிக்கோணும் டீச்சர். இல்லீன்னா கீழ எறக்கி, பெரிய ஆஸ்பத்திரில சேர்த்துத்தான் ஆகோணும்" என்றார். கீழே என்றால் அதே வளைவுகள். சும்மா நிற்கும்போதே வாந்தி எடுக்கிறவளை அந்த ரோட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். "ரெண்டு நாளு பாப்போம்" என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை நிலைக்காது என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். அன்னாசியைப் பிழிந்து, சர்க்கரைகூடப் போடாமல், பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்து உறைய வைத்திருந்தார். நடுவில் ஒரு மூங்கில் குச்சி. "முழுங்காத கண்ணு. சும்மா நாக்குல வெய்யி. கரையறது கரையட்டும்." வைத்தேன். அந்தக் குளிர்ச்சியில் நாக்குக்கு ருசியே தெரியவில்லை, அதுவே பெரிய நிம்மதி. பிறகு மெதுவாகக் கொல்லிமலை அன்னாசியின் புளிப்பு எழுந்து வந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இருக்கச் சம்மதித்திருந்தது.

ஆனால் அடுத்த நாளே டம்ளரில் தகராறு. அதை வெந்நீரில் முக்கித்தான் ஐஸைக் கழற்ற முடியும். கழன்று வந்த ஐஸில் எவர்சில்வர் வாசம் அடித்தது. எவர்சில்வருக்கு ஏது வாசம் என்று நீங்கள் கேட்பீர்கள். பாயும் அதைத்தான் கேட்டார். அவர் அப்படிக் கேள்வி கேட்பதே அபூர்வம். "டீச்சரம்மா, இது நல்ல சரக்குங்க" என்றார், கடையின் மானம் போனது போல.

அதற்குப் பிறகு கடையில் உள்ள பாத்திரமெல்லாம் ஒவ்வொன்றாக என் அறைக்கு வரத் தொடங்கியது. குல்பி செய்கிற கூம்பு வடிவ அலுமினிய அச்சு வந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. பச்சை பிளாஸ்டிக் குவளையில் ஐஸ் சுலபமாகக் கழன்றது, ஆனால் எல்லாம் பிளாஸ்டிக் வாசம். கண்ணாடி டீ கிளாஸ் வாசமில்லாமல் இருந்தது. நானும் அக்காவும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். மறுநாள் அது பிரிட்ஜுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது. அக்கா மூங்கில் குழாய் வெட்டி வைத்துப் பார்த்தார். ஐஸ் வெளியே வரவே மாட்டேன் என்றது. பாய் அதைக் கத்தியால் பிளந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று வாசலிலேயே நின்றார். பச்சை மூங்கில் வாசம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் பிளந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவே திருப்புலி நாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து சந்தைக்கு வரும் வெள்ளையம்மா எனக்கென்று கமலா ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் பேத்தி என் வகுப்பில் படித்தாள். பழத்தைத் தின்ன முடியவில்லை என்றாலும் அதன் தோலைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டால் குமட்டல் அடங்கியது. அதனால் எந்நேரமும் ஒரு கையில் கமலாத் தோலோடு திரிந்தேன். கரும்பலகையில் எழுதும்போதும் இடக்கையில் அதுதான். என் மாணவர்கள் அதை டீச்சருக்கு மந்திரித்துக் கொடுத்தது என்று நம்பினார்கள்.

ஒருநாள் நான் ஒரு கையில் ஐஸும் மறு கையில் தோலுமாக உட்கார்ந்திருந்ததை அக்கா வெகுநேரம் பார்த்தார். "ஏங் கண்ணு, மோந்துக்கிட்டே திங்கறயே, அந்தத் தோலுக்குள்ளயே ஊத்தி வெச்சா என்ன?" என்றார்.

கமலாவுக்குத் தோல் தளர்வாக இருக்கும், உங்களுக்குத் தெரியும். பழத்தை நடுவில் வளையமாகக் கீறி, கட்டை விரலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றினால் இரண்டு கிண்ணங்கள் கிடைத்துவிடும். அதில் வடிகட்டிய அன்னாசிச் சாற்றை முக்கால்வாசி ஊற்றி, கொஞ்சம் கெட்டியானதும் குச்சியைக் குத்தி, மறுபடி உறைய வைத்தார். நிமிர்ந்து நிற்பதற்குப் பணியாரக் குழியில் உட்கார வைத்தார். உறைந்த பிறகு உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடு காட்டினால் போதும், தோல் தானாக உரிந்து வரும். வெந்நீர் வேண்டாம், கத்தி வேண்டாம். வாயில் அன்னாசி, மூக்கில் கமலா, விளிம்பில் மட்டும் ஒரு சின்னக் கசப்பு. அந்தக் கசப்பு எனக்குப் பிடித்திருந்தது. அன்று இரண்டு தின்றேன். மூன்றாவதைக் கேட்டபோது அக்கா கடைப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, டீச்சர் கேட்டு வாங்கித் திங்குது" என்று சொன்னார். கடையிலிருந்து சைக்கிள் டியூப் அவிழும் சத்தம் கேட்டது.

வெள்ளையம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் தோல் கிழியாத பழமாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார். கொய்யா, மலை வாழை, தேன் கலந்த எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகத் தோலுக்குள் போய் உறைந்தது. நான் மெதுவாக எழுந்து நடமாடினேன்.

அப்போதுதான் அந்தப் புயல் மழை வந்தது. மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. செம்மேடு முழுக்க இருட்டு. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரிட்ஜில் இருந்த கிண்ணங்கள் எல்லாம் தண்ணீராயின. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டது. என் வயிற்றுக்குப் பழச்சாறு வேண்டாம், ஐஸ்தான் வேண்டும். அடுத்த நாள் எழுந்து நின்றால் கண் இருட்டியது. நர்ஸம்மா வந்து நாடி பார்த்துவிட்டு அக்காவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எனக்கு அப்போது காதும் மூக்கு மாதிரியே ஆகியிருந்தது. "நாளைக்கு ஜீப்புக்குச் சொல்லீருங்க. வழியில என்ன ஆனாலும் ஆகட்டும், வேற வழியில்ல."

அன்று விடிகாலையிலேயே பாய் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிக் கீழே போயிருந்தது எனக்குத் தெரியாது. சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றுதான் அக்காவும் நினைத்திருக்கிறார். மத்தியானம் ஏறி வந்த பஸ்ஸின் மேலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சட்டை முழுக்க உமி. நாமக்கல்லில் ஐஸ் கம்பெனி வரை போய், ஒரு ஐஸ் பாளத்தை வாங்கி, உமியில் புதைத்து, சாக்கில் சுற்றி, வளைவுக்கு வளைவு உருகிக்கொண்டே வந்த அதைப் பாதியாகவேனும் மேலே கொண்டு சேர்த்துவிட்டார்.

"மீன் வெச்ச ஐஸ் இல்லீங்க டீச்சரம்மா. புதுசா எடுத்தது. நானே மோந்து பார்த்தேன்" என்றார். நான் பார்த்த வரையில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அண்டாவில் ஐஸை உடைத்துப் போட்டு, கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் கூடும் என்று வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தூக்குப்போசிக்குள் கமலாக் கிண்ணங்களை அடுக்கி, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் மூடி, அண்டாவின் நடுவில் புதைத்தார்கள். மேலே ஈரச் சாக்கு. அக்கா அவ்வப்போது போசியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். பாய் எதிரே குந்தி உட்கார்ந்து, விறைத்துப்போன கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து பார்த்தேன். என் சொந்தக்காரர் யாரும் அந்த மலையில் இல்லை என்ற எண்ணம் அந்த மத்தியானத்தோடு என்னை விட்டுப் போயிற்று.

முதல் கிண்ணம் சரியாக உறையவில்லை, குழகுழவென்றுதான் இருந்தது. ஸ்பூனால் ஊட்டினார் அக்கா. தங்கியது. இரண்டாவதும் தங்கியது. மறுநாள் ஜீப் வந்து நின்றது. நர்ஸம்மா என் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அப்பறம் பாத்துக்கலாம்" என்று டிரைவரை அனுப்பிவிட்டார். கரண்ட் திரும்புவதற்குள் பாய் இன்னொரு தடவையும் கீழே போய்ப் பாளம் கொண்டுவந்தார். ஐந்தாம் மாதம் வாந்தி நின்றது. ஜீப்பில் ஊர்ந்து ஊர்ந்து மலை இறங்கி, கோவில்பட்டியில் பிள்ளை பெற்றேன். பெண் குழந்தை. இப்போது அச்சு தேடிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

பிறகு எனக்கு மாறுதல் கிடைத்தது. கடிதம், போன் என்று கொஞ்ச காலம் தொடர்பு இருந்தது. அப்புறம் எல்லோருக்கும் நடப்பதுபோலத்தான். பாய் இறந்த செய்திகூட ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

போன வருஷம் நானும் கணவருமாகப் போய்வந்தோம். செம்மேட்டில் பாத்திரக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஐஸ்கிரீம் பெட்டிகள். திருப்புலி நாட்டில் வெள்ளையம்மாவின் கமலா மரங்கள் நோய் வந்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், இப்போது அங்கே மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. ஜைத்தூன் அக்கா சேந்தமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். "அம்மாவுக்கு ஞாபகம் வருது, போகுதுங்க" என்று மகன் முன்னாலேயே சொல்லி வைத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா கண்ணு" என்றார். கண்ணு என்று அவர் எல்லோரையும்தான் கூப்பிடுவார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குப் புரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து அந்த மழைக்காலத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தோலில் ஊற்றியது, கரண்ட் போனது, உமிச் சாக்கு, கல்லுப்பு. யாரோ முன்பின் தெரியாதவர்களின் கதையைக் கேட்பது போல அக்கா கண்ணை அகல விரித்துக் கேட்டார். பாய் பெயர் வந்த இடத்தில் மட்டும் லேசாகத் தலையாட்டினார். முடித்ததும் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அப்பறம் அந்தப் பொண்ணு நல்லாயிட்டாளா கண்ணு?"

"நல்லாயிட்டாங்க்கா. பொம்பளப் புள்ள பொறந்துச்சு."

"அல்லா காப்பாத்துனான்" என்று சொல்லி, வெகுநேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.