காஜாக்கா மணி கேட்ட கதை

அந்த அறையில் எட்டுப் பெண்கள், எட்டுக் கைக்கடிகாரங்கள், எட்டு நேரங்கள். பாஷை தெரியாத வெளிநாட்டில், சட்டை தைக்கிற கம்பெனியின் விடுதி அது. வேலைக்குத் தாமதமாகிவிடக் கூடாது என்று ஒவ்வொருத்தியும் தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தாள். ஒருத்தி பத்து நிமிஷம், இன்னொருத்தி பதினேழு. ஏன் பதினேழு என்றால் அவளுக்கே தெரியாது. யாரிடம் மணி கேட்டாலும், "ஆறே கால். ஆனா என்னுது ஃபாஸ்ட்டு" என்பாள். எவ்வளவு ஃபாஸ்ட் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி, அதற்குப் பயந்து ஓடவும் செய்கிற சாமர்த்தியம் நம் ஜனங்களுக்குத்தான் வரும்.

காஜாக்காவுக்கு மட்டும் அது வரவில்லை. சட்டையில் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர். துளை ஒரு நூல் தள்ளிப்போனாலும் சட்டை இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்து, 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். அது போதாதென்று குளியலறை வரிசையில் கடைசி முறையும் அவளுடையதுதான். நிஜமான மணி என்னவென்று தெரியாமல் அவளுக்குப் பொழுது ஓடாது.

தெரிந்தே ஆகவேண்டிய காரணம் இன்னொன்றும் இருந்தது. ஊரில் இருக்கிற வீட்டுக்காரரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒரு வருஷம் நடையாய் நடந்து, அவருக்கு அதே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் வேலை பேசி வைத்திருந்தாள். அவருடைய வேலைக் காகிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டுமானால் முதலில் இவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். வாசலில் இருக்கிற மெஷினில் கார்டைச் செருகினால் அது மணியை அச்சடித்துக் கொடுக்கும். ஏழுக்குள் என்றால் கறுப்பு, தாண்டினால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தவளுக்கு ஒப்பந்தம் கிடையாது.

விடுதி நடையில் ஒரு டெலிபோன் இருந்தது. இலவசமாகக் கூப்பிடக்கூடிய எண்களை அதன் மேல் படத்தோடு ஒட்டியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், அப்புறம் ஒரு கடிகாரம். ஒருநாள் காலையில் காஜாக்கா துணிந்து கடிகாரத்தின் எண்ணைச் சுழற்றினாள். ஒரு பெண் ஏதோ சொன்னாள், "டிங்" என்றது. காஜாக்கா மரியாதையாக வணக்கம் சொன்னாள். அந்தப் பெண் கண்டுகொள்ளாமல் மறுபடியும் ஏதோ சொன்னாள்.

"வணக்கம் சொன்னா பதில் வணக்கம் கூட சொல்ல மாட்டேங்கிறா. என்ன திமிரு பாரு!" என்று பக்கத்துக் கட்டில் ஒல்லியிடம் வந்து பொரிந்தாள்.

ஒல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது டேப்பு, அக்கா! இருபத்திநாலு மணி நேரமும் அவ மணி சொல்லிக்கிட்டேதான் இருப்பா."

அன்றிலிருந்து தினமும் அந்தக் குரல்தான் அவளுக்கு வாத்தியார். அந்த ஊர் பாஷையில் 'நூல் அறுந்துபோச்சு' என்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவள், இரண்டே மாதத்தில் ஐம்பத்தொன்பது வரை தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னாள். தன் கடிகாரத்தை அந்த "டிங்"கோடு சேர்த்து வைத்தாள்.

விதியைப் பாருங்கள், சரியான மணி வைத்தவளுக்குத்தான் சிவப்பு விழுந்தது. ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கார்டைச் செருகினாள், ஏழு ஐந்து என்று வந்தது. மறுநாள் ஏழுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போதே செருகினாள், ஏழு மூன்று. இரண்டு சாயங்காலமும் டெலிபோனில் சரிபார்த்தாள். அவளுடைய கடிகாரத்தில் ஒரு விநாடி கூடப் பிசகு இல்லை.

"வாசல் கடிகாரம்தான்டி பொய் சொல்லுது. ஏழு நிமிஷம்!" என்றாள் காஜாக்கா.

"இருந்துட்டுப் போகட்டும். எங்களை மாதிரி நீயும் தள்ளி வச்சுக்க. அண்ணன் வரணுமா வேணாமா?" என்றாள் ஒல்லி.

அந்தக் கேள்விக்குமுன் காஜாக்காவின் வீம்பெல்லாம் பறந்துவிட்டது. மறுநாள் முதல் கால் மணி முன்னாலேயே கிளம்பினாள். பத்து நாள் கறுப்பு. பதினோராம் நாள் குளியலறையில் தண்ணீர் நின்றுபோனது. ஓட்டமாக ஓடி, ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார்டைச் செருகினாள். ஏழு இரண்டு என்று சிவப்பில் வந்தது. மூன்றாவது சிவப்பு.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கார்டு மேஜைமேல் கிடந்தது. அவர் மூன்று சிவப்பையும் பேனாவால் தட்டிக் காட்டித் தலையை ஆட்டினார். கெஞ்சலாம், அழலாம். காஜாக்காவுக்குக் கோபம்தான் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் மேஜைமேல் இருந்த டெலிபோனை எடுத்தாள், எண்ணைச் சுழற்றினாள், அவர் காதருகே பிடித்தாள்.

மேனேஜர் திகைத்துப்போய்க் கேட்டார். உள்ளே அந்தப் பெண் சொல்லச் சொல்ல, வெளியே காஜாக்காவும் அவருடைய பாஷையிலேயே கூடச் சொன்னாள். பன்னிரண்டு பதின்மூன்று. டிங். அவர் தன் கையைப் பார்த்தார். வாசல் மெஷினைப் பார்த்து மணி வைத்த கடிகாரம் அது. பன்னிரண்டு இருபது.

இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். அவர் ஒரு வெற்றுக் கார்டைச் செருகினார். காஜாக்கா தன் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு பதினாறு" என்றாள். மெஷின் பன்னிரண்டு இருபத்துமூன்று என்று துப்பியது. மெஷினைப் பார்த்துக்கொள்கிற நம் ஊர் வாசல்காரர் வேர்த்து விறுவிறுத்து இரண்டு பாஷையிலும் உண்மையைக் கக்கினார். ஜனங்கள் சீக்கிரம் வரட்டுமே என்று முந்தைய வாசல்காரர் நாலு நிமிஷம் தள்ளி வைத்தாராம். அது தெரியாமல் இவரும் தன் பங்குக்கு மூன்று தள்ளி வைத்தாராம். காஜாக்காவுக்கு அவர்மேல் கோபம் கூட வரவில்லை. தன் அறையில் ஏழு பேர் செய்வதைத்தானே இந்த மனுஷனும் செய்திருக்கிறார்!

அறைக்குத் திரும்பிய மேனேஜர் மூன்று சிவப்பையும் கோடு போட்டு அடித்தார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், போகலாம் என்று கை காட்டினார். காஜாக்கா நகரவில்லை. இழுப்பறையைச் சுட்டிக் காட்டினாள். அதற்குள் இருந்தது அவள் வீட்டுக்காரரின் காகிதம். நாளைக்குப் பார்க்கலாம் என்று கையசைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வேலை தொடங்குகிற நேரம் பன்னிரண்டரை. அவள் தன் மணிக்கட்டை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"பன்னிரண்டு இருபத்தெட்டு" என்றாள், அவர் பாஷையில். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார்.

அவள் தையல் கூடத்துக்குள் நுழையும்போது இருநூறு மெஷின்களும் ஓட ஆரம்பித்திருந்தன. ஒல்லி தூரத்திலிருந்தே, "என்னக்கா ஆச்சு?" என்று கையால் கேட்டாள். ஒல்லியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. காஜாக்கா காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"என் வீட்டுக்காரர் வர்றாருடி!" என்று அத்தனை இரைச்சலுக்கும் மேலே கத்தினாள். "அடுத்த மாசம் வர்றாரு!"

ஒவ்வொரு மெஷினாக நின்றது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தார்.