தள்ளிப்போட்ட ஸ்கேன்

என் கணவருக்குத் தொடையில் கட்டி வந்தபோது அது எலுமிச்சை அளவுதான் இருந்தது. வலி கிடையாது. வலிக்காத எதையும் எங்கள் வீட்டில் நோயாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அது வளர்ந்து, அவரால் குத்தவைத்து உட்கார முடியாமல் போன பிறகுதான் மதுரைக்குப் போனோம். வெட்டி எடுத்துச் சோதித்துவிட்டு, சார்கோமா என்றார் டாக்டர். தசையில் வரும் புற்றுநோயாம். "இது பரவினா பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். மூணு மாசத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கேன் எடுக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன்.

முதல் இரண்டு ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அதுதான் எனக்குக் குளிர்விட்டுப்போகக் காரணம். மூன்றாவதற்கு நாள் வந்தபோது கூடலூரில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பழம் கறுத்து நின்றது. திராட்சைக்காரர்களுக்குக் காலண்டர் பேருக்குத்தான். கொடியைக் கழித்துக் கவாத்து செய்தால் நாலு மாதத்தில் அறுவடை, பிறகு அடுத்த கவாத்து. கல்யாணமோ காதுகுத்தோ அதற்கு இடையில்தான். மேகம் வேறு திரண்டிருந்தது. ஒரு மழை போதும், பழம் வெடித்துவிடும்.

"போய்ட்டு வந்துருவமா புள்ள?" என்று அவர்தான் கேட்டார்.

"காய் வெட்டு முடியட்டுங்க. போன ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லைன்னுதான சொன்னாக" என்றேன்.

வெட்டு முடிந்ததும் உரம், பிறகு கவாத்து. அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. இருமல் வந்தது. பந்தலுக்கு மருந்து அடித்த நெடி என்று நானே தீர்ப்புச் சொல்லி, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வாய்க்கால் மேடு ஏற முடியாமல் அவர் பாதியில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் கட்டிகள். "முன்னாடியே வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒண்ணு ரெண்டு இருந்தப்பவே தெரிஞ்சிருந்தா ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம்மா" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஒரு பொய் சொல்லக்கூடவா தெரியாது?

மருந்து ஏற்றியும் கட்டிகள் நிற்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போது தலையணையை அணைத்துக் குனிந்து உட்கார்ந்தே இருக்கிறார். குச்சனூருக்குப் போய் எள் விளக்குப் போட்டேன். பழியைச் சனீஸ்வரன் தலையில் போட முடியுமா என்றுதான் போனேன். முடியவில்லை.

போன வாரம் தேவாரத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். தம்பியைப் பார்த்து அழுது தீர்த்தார். "டாக்டரு வரச்சொன்னப்பவே போயிருக்கலாம்லப்பா, எதுக்கு இப்புடி விட்டீக?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான்தேன்க்கா வரமாட்டேன்னுட்டேன்" என்றார் என் கணவர். மூச்சு வாங்கிவிட்டு மீதியைச் சொன்னார். "அவ கூப்புட்டுக்கிட்டேதேன் இருந்தா."

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னத்தா செய்வ" என்றார்.

எனக்காக ஒரு பொய் சொல்ல அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை.