கோடு விழாத அட்டை

அகராதி அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். யார் எழுதிய வாக்கியத்தையும் வெட்டாமல் விட்டதில்லை என்பதால் வந்த பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அங்கே வேலை நடப்பது அட்டைகளில். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் சொல், தமிழ்ப் பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியத்தைக் கற்பனையில் கட்டக் கூடாது. எங்கே கிடைத்தது என்று பின்பக்கம் குறிக்க வேண்டும். தெரிந்த மனிதரைப் பற்றியதென்றால் அவர் கையெழுத்தும் வேண்டும். எழுதிய அட்டை மேசை மேசையாகப் போய்ச் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும். எத்தனை கோடோ அத்தனை மரியாதை. கோடே இல்லாமல் வந்தால், "யாரும் படிக்கல போலிருக்கு" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

முப்பத்து மூன்று வருடம் இப்படியே ஓடியதில், வீடும் அலுவலகமும் வேறு வேறு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் ஒரு சிறுவர் நாவலைத் தமிழில் மொழிபெயர்த்தாள். அச்சாகி வந்த முதல் பிரதியை அப்பா கையில்தான் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் லீவு போட்டுப் படித்தார். அதற்கு முன் அவர் லீவு போட்டது அவள் பிறந்த அன்றுதான். நூற்றுப் பதினான்கு இடத்தில் சிவப்புக் கோடு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர் செய்த வேலை.'

மகள் நின்றபடியே புரட்டிப் பார்த்தாள்.

"நல்லதா ஒரு வரிகூடவாப்பா இல்ல?"

"இருந்த வரியில நான் கோடு போடலையேம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அதற்கப்புறம் அவள் மொழிபெயர்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனமொன்றில் படிவம் சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். தனி வீடு பார்த்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் போன் வரும். "மாத்திரை போட்டீங்களா? குழாய் ஒழுகுதுன்னீங்களே, சரி பண்ணியாச்சா?" அவ்வளவுதான். சண்டை என்று ஒன்று நடக்காததால் சமாதானம் பேசவும் வழியில்லாமல் போயிற்று.

போன வாரம் அவர் பங்குக்கு ஸ்கேதிங் (scathing) என்ற ஆங்கிலச் சொல் வந்தது.

"கடுமையானன்னு போட்டுத் தள்ளுங்க சார்" என்றார் அடுத்த மேசை அம்மாள்.

"கடுமையான வெயில்னு சொல்றோம், கடுமையான பரீட்சைன்னு சொல்றோம். இது அங்கெல்லாம் போகாது. விமர்சனம், அறிக்கை, பேச்சு, இதுங்களோடதான் சேரும்."

"அப்ப காட்டமான?"

"காட்டம்னா சொல்றவனுக்குக் கோபம் வந்திருக்கணும். இத சிரிச்சுக்கிட்டேகூடச் சொல்லலாமே. இதுல சொல்றவன் கணக்கே கிடையாதும்மா. கேட்டவங்க கருகிப்போயிருக்கணும், அதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தபோது அவர் அட்டையை எழுதி முடித்திருந்தார். வாக்கியம் ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அவளுடைய முதல் புத்தகத்துக்கு அவள் அப்பா எழுதிய ஸ்கேதிங் விமர்சனத்துக்குப் பிறகு அவள் பேனாவை எடுக்கவில்லை.' பொருள் என்ற இடத்தில் 'கடுமையான' என்றே இருந்தது.

"இப்பதானே அது ஆகாதுன்னீங்க? வாக்கியத்துக்கும் பேப்பர்ல ஆயிரம் கெடக்கே சார்."

"இருக்கட்டும்" என்றார். "அடிக்க வேண்டிய ஆள் அடிக்கட்டும்."

மறுநாள் மதிய இடைவேளையில் மகளுடைய அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் படிவக் கட்டுகளுக்கு நடுவே இருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆபீஸ் வேலைதான். ஒரு கையெழுத்து வேணும்." அட்டையைத் தடுப்புக்கு அடியில் தள்ளினார். கூடவே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலையும். "தப்பிருந்தா அடிச்சிடும்மா."

அவள் படித்தாள். பென்சிலை எடுத்தாள். அதன் முனை வாக்கியத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து, மேலே ஏறி, 'கடுமையான' என்ற சொல்லின்மேல் வந்து நின்றது. அவர் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடி, அடித்துவிடு, இது என்ன தமிழ் என்று கேள், அரைகுறை என்று திட்டு.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். தன் நீலப் பேனாவால் அட்டையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டாள்.

"சரியா இருக்குப்பா."

"பொருள் பாத்தியா? அது வந்து..."

"சரியா இருக்கு. வெயில்ல நிக்காதீங்க, பஸ் புடிச்சுப் போங்க. மாத்திரை மறந்துடாதீங்க." பென்சிலைத் தடுப்புக்கு அடியில் திருப்பித் தந்துவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தாள்.

அலுவலகம் திரும்பியதும் அடுத்த மேசை அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், ஒரு கோடுகூட விழல? படிக்கவே இல்லையா?"

"அவ படிச்சுட்டா" என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் 'கடுமையான' என்பதை அவரே அடித்தார்.