கஸ்பார் சம்மாட்டியின் வெளிக்காற்று

தொண்ணூற்றேழில் நாயாற்றுக் கரையில் வாந்திபேதி பரவியபோது பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். நோய் தணியத் தொடங்கியதும், திறப்பதா வேண்டாமா என்று பேசப் பெற்றோர் கோயில் முற்றத்தில் கூடினார்கள். கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரரான கஸ்பார் சம்மாட்டி முதல் ஆளாக எழும்பினார்.

“படிப்பைப் பிறகும் படிக்கலாம். பிள்ளையளின்ர உயிர் போனால் திரும்பி வருமோ?”

எல்லோரும் தலையாட்டினார்கள், மரியமலரைத் தவிர. முள்ளியவளைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்று மகளை வளர்ப்பவள் அவள். யாருக்காகவும் குரலைத் தணித்துப் பழக்கமில்லாதவள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சம்மாட்டியார், பள்ளிக்கூடம் பூட்டின நாளிலயிருந்து என்ர கிருசாந்தினி விடிய எழும்பி உங்கட வலையெல்லோ இழுக்கிறாள்? ஊர்ப் பிள்ளையள் முழுக்க ஒரே கயித்தில தொங்கிக்கொண்டு, ஒரே வாளியில பச்சைத்தண்ணி மொண்டு குடிக்குதுகள். அங்க வராத நோய்வருத்தம் வகுப்பிலயோ வரப்போகுது?”

“அது வெளிக்காத்து, பிள்ளை.”

“அவ்வளவு நல்ல காத்தெண்டால், உங்கட மகளை ஏன் ஒருநாளும் கரைக்கு விடேல்லை?”

சம்மாட்டி சால்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். மரியமலர் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“பூட்டுறதெண்டால் வலையையும் சேர்த்துப் பூட்டுங்கோ. இல்லையெண்டால் பள்ளிக்கூடத்தைத் திறவுங்கோ. குடிக்கிற தண்ணியை நான் வந்து கொதிக்க வைச்சுத் தாறன்.”

அடுத்த கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் மரியமலரின் அடுப்பு எரிந்தது. கிருசாந்தினி வகுப்பில் முன்வாங்கில் இருந்தாள். கரையில் ஆள் போதாமல் சம்மாட்டியே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். நல்ல வெளிக்காற்று வீசிக்கொண்டிருந்தது.